இருபத்து மூன்றாவது பெட்டி

காங்கேயம்,
4.8.2025

மதிப்பிற்குரிய சைத்ரா அவர்களுக்கு,

வணக்கமுங்க. எங்கள் தென்னை விவசாயிகள் சங்கத்துக்கு நீங்கள் செய்து தரும் ஏலப் பெட்டிகளைச் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டிய தொழில்நுட்ப அலுவலர் நான்தான். ஆர்டர் எடுக்கும்போது இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்று வருடமாக நமக்குள் பேச்சில்லை. இப்போதும் பேசுவதற்காக எழுதவில்லை, வேலைக்காக எழுதுகிறேன்.

மாதிரிக்கு அனுப்பிய இரண்டு பெட்டிகளும் வந்தன. உள்ளே ஒன்றுமே ஏற்றாத வெறும் கம்ப்யூட்டர். சுவிட்சைப் போட்டதும் அதுவே சரவணம்பட்டியில் இருக்கும் உங்கள் சர்வரைக் கூப்பிட்டு, "நான் வந்துட்டேன், என்னை எப்படித் தயார் பண்ணிக்கிறது?" என்று கேட்கிறது. சர்வர் ஒரு விடைத்தாள் அனுப்புகிறது. எந்த மென்பொருளை ஏற்ற வேண்டும், எப்படி அமைக்க வேண்டும், பாஸ்வேர்ட் என்ன, எல்லாம் அதில் இருக்கிறது. பக்கத்தில் ஆள் நிற்காமலே பெட்டி தன்னைத் தயார் செய்துகொள்கிறது. அழகாகத்தான் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் என் லேப்டாப்பை எடுத்து அதே முகவரியில் நானும் கேட்டுப் பார்த்தேன். நீ யார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் உங்கள் சர்வர் அதே விடைத்தாளை எனக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டது. பாஸ்வேர்டோடு.

ஏலம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். விவசாயி கொப்பரையைக் களத்துக்குக் கொண்டுவருகிறார். வியாபாரிகள் பார்த்துவிட்டு ஆளுக்கொரு விலையை ரகசியமாக எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து, அதிக விலை எழுதியவருக்குக் கொடுக்கிறோம். இதுவரை சீட்டில் எழுதினார்கள், இனி உங்கள் பெட்டியில் எழுதப் போகிறார்கள். பெட்டியின் பாஸ்வேர்ட் ஒரு வியாபாரி கையில் கிடைத்தால் மற்றவர்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு ஒரு ரூபாய் கூட வைத்து அள்ளிக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பேர் ஏலமா? ஒரு வாரம் வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தவருக்கு நாம் என்ன பதில் சொல்வது?

மூன்று வருடத்துக்கு முன்னால் நாம் சேர்ந்து அந்தச் சரவணம்பட்டி அலுவலகத்தை ஆரம்பித்தபோது இதைத்தான் சொன்னேன். வாடிக்கையாளர் முன்னால் வைத்து நீங்கள் சிரித்தீர்கள். "யார்டி வந்து கேட்கப் போறாங்க? இவ வீட்டு பீரோவுக்கு மூணு பூட்டு போடறவ" என்றீர்கள். அன்றைக்கு எழுந்து வந்தவள்தான்.

சர்வர் இப்படிக் கேட்டவருக்கெல்லாம் கொடுக்கும்வரை நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த பாஸ்வேர்டையே உங்கள் மெயிலுக்கும் வைத்திருக்கிறீர்கள் போல. அதனால்தான் மெயில் அனுப்பாமல் கூரியரில் காகிதம் வருகிறது. பதிலையும் அப்படியே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
செவ்வந்தி
தொழில்நுட்ப அலுவலர்


பெரியநாயக்கன்பாளையம்,
6.8.2025

அடியே செவ்வந்தி,

மதிப்பிற்குரியவாம்! அவர்களுக்காம்! கடிதத்தைப் படித்துவிட்டுப் பட்டறையை நாலு சுற்று சுற்றினேன். நாயனா தராசுக்கு எடைக்கல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "யாரம்மா கடுதாசி போட்டது?" என்றார். செவ்வந்தி என்றேன். "அந்தப் புள்ளயா? ஏன், ஊட்டுக்கு வழி மறந்துபோச்சாமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி கல்லை வைக்க ஆரம்பித்துவிட்டார். மகள் கொதித்துக்கொண்டு நிற்பது அவர் கண்ணில் படவே இல்லை.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். மூன்று பக்கம் திட்டி எழுதவும் செய்தேன். அனுப்புவதற்கு முன்னால் நீ சொன்னது உண்மையா என்று பார்த்துவிடலாமே என்று சர்வரில் யார் யார் வந்து கேட்டார்கள் என்ற பதிவைத் திறந்தேன். அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

என் பெட்டி வந்து கேட்டால் தெரியும். தன் நெட்வொர்க் கார்டின் எண்ணையும் போர்டின் வரிசை எண்ணையும் கோரிக்கையின் தலையிலேயே எழுதிக்கொண்டுதான் அது வரும். இரண்டு மாதிரிப் பெட்டிகளும் அப்படித்தான் வந்திருக்கின்றன. உன் லேப்டாப் எண் எதுவும் இல்லாமல் மொட்டையாக வந்திருக்கிறது. அதுவும் சரி. ஆனால் உனக்கு முன்னாலேயே இன்னொரு மொட்டைக் கோரிக்கை வந்திருக்கிறதடி! ஏதோ ஒரு மொபைல் இணைப்பிலிருந்து. பெட்டி இல்லை, ஒரு மனுஷன். முகவரியைத் தட்டி, விடைத்தாளை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

நான் இல்லை. விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பி வம்சியைக் கேட்டேன், அவனுக்கும் தெரியாதாம். எனக்கென்னவோ உங்கள் சங்கத்து ஆள் யாரோ என்றுதான் படுகிறது. வியாபாரிகளோடு டீ குடிக்கிறவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள்?

பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன். இன்றைக்கே சர்வருக்குப் புது விதியும் எழுதிவிட்டேன். எண்ணோடு வந்தால்தான் விடைத்தாள். அதுவும் என் பட்டியலில் இருக்கிற எண்ணாக இருக்க வேண்டும். மொட்டையாக வருகிறவனுக்குக் கதவு கிடையாது. போதுமா?

மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். வேலையைச் செய்து காட்டுகிறேன்.

சைத்ரா


காங்கேயம்,
9.8.2025

சைத்ரா,

போதாது.

நீங்கள் எழுதியிருக்கும் விதியை நேற்றே சோதித்துப் பார்த்தேன். நீங்கள் என்ன நீங்கள், நீயே போதும், எழுத எழுதக் கை வலிக்கிறது. பெட்டி தன் எண்ணைத் தானேதான் சொல்கிறது, இல்லையா? பெட்டி சொல்வதை நானும் சொல்லலாமே! வாசலில் நின்று ஒருவன் "மாமா வந்திருக்கேன் கண்ணு" என்று குரல் கொடுத்தால் முகத்தைப் பார்க்காமலே தாழ்ப்பாளைத் திறப்பாயா? உன் சர்வர் திறந்துவிட்டது. மாதிரிப் பெட்டியின் எண்களை லேப்டாப்பிலிருந்து சொன்னேன். விடைத்தாள் சுடச்சுட வந்தது.

எண்கள் எனக்கு எங்கே கிடைத்தன என்று கேட்கிறாயா? நீயேதான் கொடுத்தாய். அட்டைப்பெட்டிக்கு வெளியே பெரிய எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருக்கிறாய். கூரியர் பையனிலிருந்து களத்தில் மூட்டை இறக்குகிறவர் வரை எல்லாரும் படித்திருப்பார்கள்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. உண்மையைச் சொன்னால் நேற்று முழுக்க எனக்கு ஒரே குஷி. இப்படி ஒரு வேலையைக் கையில் எடுத்து எவ்வளவு நாளாயிற்று! சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "ஏன் அம்மணி, சோத்துல ரசத்த ஊத்தாம தண்ணிய ஊத்திட்டு இருக்கற?" என்றார். கோடு போட்டதில் தேறியதைச் சொல்கிறேன்.

எண் என்பது பேர் மட்டும்தான். பேரைச் சொன்னால் ஆளை அடையாளம் தெரியும், நம்பிவிட முடியாது. அதனால் ஒரு பெட்டியை நான் களத்தில் கொண்டுபோய் வைத்து, பக்கத்தில் நின்று, "இன்ன பெட்டிக்கு இப்போது திற" என்று உன் சர்வருக்குச் சொன்னால் மட்டும் அது திறக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்குத்தான். ஒரு தடவை கொடுத்துவிட்டால் அதே எண்ணில் மறுபடி யார் வந்தாலும் இல்லை என்றுவிட வேண்டும். பேச்சும் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பூட்டிய இணைப்பில் நடக்க வேண்டும். பெட்டியும் யாரையும் எளிதில் நம்பாத பெட்டியாக இருக்கட்டும், "நீ உண்மையிலேயே சைத்ராவின் சர்வர்தானா?" என்று சான்றிதழைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விடைத்தாளில் பாஸ்வேர்ட் எதற்கு? யோசித்துப் பார்.

சங்கத்து ஆள் என்று நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்கள் மேலாளர் சரவணன் நேற்றைக்கு மூன்றாவது முறையாக வந்து, "ஏனுங் மேடம், இன்னும் கையெழுத்து ஆகலீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு என்ன இவ்வளவு அவசரம்?

செவ்வந்தி


பெரியநாயக்கன்பாளையம்,
14.8.2025

அடி செவ்வந்தி,

செஞ்சுபோட்டேன்! எல்லாத்தையும் செஞ்சுபோட்டேன்!

இந்த நாலு நாளாகச் சாப்பாடு, தூக்கம், தலைக்கு எண்ணெய் எதுவும் ஒழுங்காக இல்லை. நாயனா என்னைப் பார்த்துவிட்டு, "தராசு செய்யறவன் மக பைத்தியக்காரியாட்ட சுத்துறா" என்று பக்கத்துப் பட்டறைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும்.

நீ சொன்ன பூட்டிய இணைப்பு முடிந்தது. என் சர்வரின் சான்றிதழ் பெட்டிக்குள்ளேயே பதிந்திருக்கிறது, வேறு எவனாவது நான்தான் சைத்ரா என்று வந்தால் பெட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உனக்கென்று ஒரு பக்கம் செய்திருக்கிறேன். நீ களத்தில் நின்று பொத்தானை அழுத்தினால் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் கதவு திறக்கும், அரை மணியில் தானே மூடிக்கொள்ளும். ஒரு தடவைக்கு மேல் கிடையாது. யாராவது கூட்டமாக வந்து முட்டினால் சர்வர் எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டு என்னைக் கூப்பிடும்.

பாஸ்வேர்ட் எதற்கு என்று கேட்டாயே, அதைப் படித்ததும் என் மண்டையில் நானே குட்டிக்கொண்டேன். இனி விடைத்தாளில் பூட்டு மட்டும்தான் போகும். சாவி உன் லேப்டாப்பை விட்டு வெளியே வராது. விடைத்தாளை எவனாவது தூக்கிக்கொண்டு போனாலும் அவனுக்குக் கிடைப்பது ஒரு பூட்டு. வைத்து அழகு பார்க்கட்டும்!

இப்போது என் சொந்தச் சரக்கு. நீ ஸ்டிக்கரைப் பற்றித் திட்டினாய் அல்லவா? ஸ்டிக்கரை எடுக்கப் போவதில்லை. பொய் ஸ்டிக்கர் ஒட்டப் போகிறேன்! உண்மையான எண் பெட்டியின் போர்டில் மட்டும் இருக்கும். அட்டையின் மேல் உலகத்தில் எந்தப் பெட்டிக்கும் இல்லாத ஒரு எண். ஒவ்வொரு அட்டைக்கும் வேறு வேறு. உனக்கு இருபத்திரண்டு, ஏதாவது பழுதானால் மாற்றுவதற்கு இங்கே பட்டறையில் ஒன்று, ஆக இருபத்து மூன்று பொய். உண்மையான பெட்டி எதுவும் அந்த எண்களைச் சொல்லவே சொல்லாது. அட்டையைப் பார்த்துக் காப்பியடித்தவன்தான் சொல்வான். சொன்னதும் சர்வர், மற்றக் கதவெல்லாம் சாத்தியிருந்தாலும், மறுக்காமல் பொய் பாஸ்வேர்டோடு ஒரு போலி விடைத்தாளைக் கொடுக்கும். எந்த எண் என்று பார்த்தால் எந்த அட்டைப்பெட்டி, எந்தக் களம் என்று தெரிந்துவிடும். எலிக்கு மசால்வடை வைத்தாயிற்று.

எந்த அட்டைக்கு எந்தப் பொய் என்பது எனக்கு மட்டும் தெரியும். பொய் ஒட்டியிருக்கிறது என்பது உனக்கும் எனக்கும் மட்டும். நாயனாவிடமும் சொல்லவில்லை, வம்சியிடமும் சொல்லவில்லை. ரகசியம் நிற்காத வீடு இது.

அடுத்த வாரம் பெட்டிகள் வரும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சைத்ரா


காங்கேயம்,
25.8.2025

சைத்ரா,

இருபத்திரண்டும் வந்தன. எல்லாக் களத்துக்கும் அனுப்பியாயிற்று. நான் வரும்வரை அட்டையைப் பிரிக்கக்கூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமையிலிருந்து ஒவ்வொரு களமாகப் போய்ப் பக்கத்தில் நின்று ஏற்றுகிறேன். செப்டம்பர் பத்தாம் தேதி, புதன்கிழமை, முதல் ஏலம். அதற்குள் நான் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் சங்கம் ஆர்டரை ரத்து செய்துவிட்டுப் பழையபடி சீட்டுக்கே போய்விடும்.

பொய் எண் யோசனை பிரமாதம். நேரில் சொல்ல மாட்டேன், எழுதிவிடுகிறேன். தினமும் காலையில் எழுந்ததும் "எலி மாட்டியிருக்குமா?" என்றுதான் தோன்றுகிறது.

சரவணன் விஷயம். நேற்று அவர் ஒரு எண்ணெய் மில் வியாபாரியோடு வண்டியில் போனதைப் பார்த்தேன். பெரிய ஆள், பாதிக் களங்களில் அவர்தான் கொப்பரை எடுக்கிறார். சும்மா கூடப் போயிருக்கலாம். எனக்கென்னவோ சும்மா என்று தோன்றவில்லை.

செவ்வந்தி


பெரியநாயக்கன்பாளையம்,
27.8.2025

செவ்வந்தி,

எலி இன்னும் வரவில்லை. மசால்வடை காய்ந்துகொண்டிருக்கிறது.

உன் சரவணனைப் பற்றி ஒரு செய்தி. ஆர்டர் கொடுக்க வந்தபோது நாயனாவோடு பழக்கமாம், நேற்று அவருக்கு போன் போட்டிருக்கிறார். உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, என்னைப் பற்றியும் கேட்கவில்லை. இருவரும் அரை மணி நேரம் பஞ்சாங்கம் பேசினார்கள்! வளர்பிறை, வெள்ளிக்கிழமை, ராகுகாலம் எல்லாம் காதில் விழுந்தது. வம்சிகூடப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். உங்கள் மேலாளர் வீட்டில் கல்யாணம் ஏதாவதா?

சைத்ரா


காங்கேயம்,
29.8.2025

சைத்ரா,

காலையில் போனில் நீயும் கத்தினாய், நானும் கத்தினேன், இருவர் சொன்னதும் இருவருக்கும் விளங்கவில்லை. "மொத்தமா வந்து முட்றாங்கடி, சர்வர் சாத்திக்கிச்சுடி" என்று நீ அலறியது இன்னும் காதில் நிற்கிறது. நிதானமாக எழுதுகிறேன்.

உன்னை முட்டியது திருடர்கள் இல்லை. உன் சொந்தப் பெட்டிகள்!

சரவணன் பஞ்சாங்கம் பார்த்தது கல்யாணத்துக்கு இல்லை. நல்ல காரியத்தை நான் பாட்டுக்கு அஷ்டமி பிறக்கிற சனிக்கிழமையில் ஆரம்பிக்கப் போகிறேன் என்று அவருக்குத் தாங்கவில்லை. உன் நாயனாவிடம் நேரம் கேட்டுக்கொண்டு, இருபத்திரண்டு களத்துக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் எல்லாரும் ஒன்றாகப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சுவிட்சைப் போட்டுவிட வேண்டும். போட்டுவிட்டார்கள்! இருபத்திரண்டு பெட்டிகளும் ஒரே நிமிஷத்தில் உன் கதவைத் தட்டியிருக்கின்றன. நான் எதற்கும் பொத்தான் அழுத்தவில்லை. அதனால் ஒன்றையும் உள்ளே விடாமல், கூட்டம் முட்டுகிறது என்று சர்வர் தாழ்போட்டுக்கொண்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. நீ கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் நின்றுபோயிற்று. தட்டியது இருபத்து மூன்று என்றாய். அதில் ஒன்று பொய் எண் என்றாய்.

சைத்ரா, இது தற்செயல் இல்லை. எல்லாப் பெட்டியும் ஒன்றாகத் தட்டும் நேரம் தெரிந்தவன், கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். அந்த நேரத்தைக் குறித்தது யார்? கூட்டத்தைச் சேர்த்தது யார்? நான் எச்சரித்தும் அட்டையைப் பிரிக்கச் சொன்னது யார்? சரவணன்தான். மதியம் போய்க் கேட்டேன். "நல்லது நடக்கோணும்னு செஞ்சனுங்க" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. எல்லார் முன்னாலும் அவர் பேரைச் சொல்லப் போகிறேன். வேலை போகும், போகட்டும். விவசாயி வயிற்றில் அடிக்கிறவருக்கு என்ன இரக்கம்? எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தப் பொய் எண் எந்த அட்டையில் இருந்தது? எந்தக் களம்? உனக்கு மட்டும்தான் தெரியும். திங்கட்கிழமைக்குள் சொல்.

செவ்வந்தி


பெரியநாயக்கன்பாளையம்,
30.8.2025

செவ்வந்தி,

இதைக் கொண்டுவந்து கொடுப்பவர் நாயனா. கூரியர் திங்கட்கிழமைக்குள் வராது என்று அவரே பஸ் ஏறுகிறார். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் முன்னாலேயே படித்துவிடு. அவருக்கு எல்லாம் தெரியும்.

அந்த எண் எந்தக் களத்து அட்டையிலும் இல்லை. இங்கே பட்டறையில் மூலையில் வைத்திருக்கும் உபரிப் பெட்டியின் அட்டையில் இருந்தது. இருபத்து மூன்றாவது.

பதிவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் நம்ப முடியவில்லை. தப்பாக எழுதி வைத்திருப்பேன் என்று ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒருமுறைக்குப் பலமுறை. கோரிக்கை வந்த இணைப்பைப் பார்த்தேன். எங்கள் பட்டறை பிராட்பேண்ட். அந்த நேரத்தில் நாயனா, எதற்கு என்று சொல்லாமலே என்னையும் வாசலுக்குக் கூப்பிட்டு, தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தது வம்சி ஒருவன்தான்.

நாயனா முன்னால் வைத்தே கேட்டேன். முதலில் சிரித்தான். போலி விடைத்தாளில் இருந்த பாஸ்வேர்டை அவன் போட்டுப் பார்த்த பதிவையும் காட்டியதும் சிரிப்பு நின்றது. முதல் தடவை வந்த மொட்டைக் கோரிக்கையும் அவனுடைய போன்தானாம். இவனை ஏவியது, நீ வண்டியில் பார்த்தாயே, அந்த எண்ணெய் மில்காரர்தான். இவனைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். "அக்கா, நம்ம பெட்டிதானே? யாருக்கு என்ன கெட்டுப்போகுது?" என்றான். நாயனா வாழ்க்கை முழுக்கத் தராசு செய்தவர். எழுந்துபோய் அவன் பைக் சாவியையும் பட்டறைச் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார். அவன் சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கிறான். அழுதுகொண்டேதான் போனான். நானும் அழுதேன்.

நேற்று சாயந்திரம் முழுக்க எனக்கு ஒரு கெட்ட யோசனை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த அட்டைக்கு எந்த எண் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்? ஏதோ ஒரு களத்தின் பேரைச் சொல்லியிருந்தால் நீ நம்பியிருப்பாய். சரவணன் பேரோடு அது ஒட்டியிருக்கும். என் தம்பி தப்பியிருப்பான், என் ஆர்டரும் நின்றிருக்கும். ஆனால் நாலு நாள் சோறு தண்ணியில்லாமல் நாம் கட்டிய பூட்டு அது. அது சரியாகச் சொல்லும்போது நான் பொய் சொன்னால் எதற்காகக் கட்டினோம்?

திங்கட்கிழமை இதைக் குழுவில் படித்துவிடு. ஆர்டர் போனால் போகட்டும். சரவணன் பேரை மட்டும் அங்கே சொல்லிவிடாதே.

சைத்ரா


காங்கேயம்,
10.9.2025

என் சைத்ராவுக்கு,

ஏலம் முடிந்து நேராக வந்து எழுதுகிறேன். கை கால்கூடக் கழுவவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

முதலில் குழுவைச் சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்தேன், ஒரு வரி விடவில்லை. பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். "செஞ்சு குடுத்தவங்க ஊட்லயே திருட்டுன்னா அந்தப் பெட்டி எதுக்குங்க?" என்று சத்தம். அப்போது சரவணன் எழுந்தார். "அந்தப் பையன் கெடுக்கப் பாத்தானுங்க, முடியலீங்க. செஞ்சவங்க சொந்தத் தம்பியவே உள்ள உடாத பூட்டுங்க இது. இதுக்கு மேல என்னங்க வேணும்?" என்றார். கூட்டம் அடங்கிவிட்டது. என் நாக்கு நுனியில் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்த பேர் அவருடையது. நீ எழுதாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அந்த மனுஷனை நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு கூசுகிறது. அந்த மில்காரரை ஏலத்திலிருந்து நிறுத்தலாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம், வரட்டும், எல்லாரையும் போல எழுதட்டும் என்று முடிவாயிற்று. அப்புறம் உன் பெட்டிகளுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

பெட்டிகளை ஒவ்வொரு களமாகப் போய் ஏற்றினேன். பொத்தானை நான் அழுத்துவது, சந்தனத்தைச் சரவணன் வைப்பது என்று உடன்படிக்கை. களத்துக்கொரு நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தது உன் நாயனா. இருபத்திரண்டும் ஒவ்வொன்றாகத் தட்டின, உன் சர்வர் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தடவை திறந்தது. நீயும் அங்கே பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாய்.

இன்றைக்கு ஏலம். பெரிய களத்தில் ராசம்மாள் என்று ஒரு விவசாயி, அவரது கொப்பரைதான் முதல் குவியல். வியாபாரிகள் ஒவ்வொருவராகப் பெட்டி முன்னால் போய் எழுதினார்கள். எட்டுப் பேர். மில்காரரும் எழுதினார். எழுதிவிட்டு மற்றவர்கள் முகத்தையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் வந்ததும் நான் சாவியைப் போட்டேன். திரையில் விலைகள் வந்தன.

ராசம்மாள் எழுந்துவந்து திரைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு விலையாகப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏனுங் கண்ணு, எத்தன வருசமா ஏலத்துக்கு வாரேன், எட்டுப் பேரு எழுதுனா எட்டும் ஒரே வெலையாட்டத்தான் இருக்கும், ஒரு ரூவா முன்னப் பின்ன. இன்னிக்கு எட்டும் எட்டு வெலையா இருக்குதே?" என்றார்.

பக்கத்தில் நின்ற ஒருவர், "அப்ப இத்தன நாளும் ஒருத்தரு வெலைய ஒருத்தரு பாத்துத்தான் எழுதியிருக்காங்க" என்று சிரிக்க ஆரம்பித்தார், அப்புறம் இன்னொருவர், அப்புறம் களம் முழுக்க. மில்காரர் எழுதியது ஐந்தாவது இடம்.

ராசம்மாள் கொப்பரையை இதுவரை இந்தக் களத்துக்கே வராத ஒரு புது வியாபாரி எடுத்துக்கொண்டு போனார்.

செவ்வந்தி